சாக்குக்குக் கீழே தெரிந்த பாதம்

என் வலது கால் கட்டைவிரல் நகம் கறுப்பு. கல்யாணமான புதிதில், பெண்டாட்டி பார்க்கிறாளே என்று இரண்டு வாளி ரப்பர் பாலையும் ஒரே மூச்சில் தூக்கி வீரம் காட்டப்போய், ஒரு வாளியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன். நகம் செத்து விழுந்தது. மறுபடி முளைத்ததும் கறுப்பாகவே முளைத்தது. அவள் அதற்குக் காக்காய் மூக்கு என்று பெயர் வைத்தாள். ஒருவனை அவன் முகத்தை வைத்தோ குணத்தை வைத்தோ ஊர் அடையாளம் கண்டால் அது பெருமை. என்னை நகத்தை வைத்துக் கண்டார்கள். அதனால் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், ஒரு தபசுகாலம் முழுக்க, நான் உயிரோடு இருப்பேனா மாட்டேனா என்று தெரியாமல் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மலாயாவில், பெடாஸ் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வேதக் கோயில் எங்களுக்கு உண்டு. நான் அதற்குக் கோயில்பிள்ளை. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டுவது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, வௌவால் எச்சத்தைச் சுரண்டுவது, சாமியார் வரும் நாளில் மணி அடிப்பது. சம்பளம் மோட்சத்தில் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பதவியில் ஒரே ஒரு சலுகை. பெரிய வியாழன் அன்று சேசுநாதர் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சிரம்பானிலிருந்து வரும் வெள்ளைக்கார சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது பாதத்தைக் கழுவுவார். அந்தப் பெஞ்சில் எனக்கு வருஷா வருஷம் இடம். ஜனங்கள் கீழே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சில் இருப்பவர்களின் கால்தான் அவர்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். சாமியார் நிதானமாகக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தம் கொடுத்து நகர்வதற்குள் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? யார் குதிகாலில் வெடிப்பு, யார் சுண்டுவிரல் மடங்கியிருக்கிறது, யாருக்கு ஆணி, எல்லாம் எங்கள் பெண்களுக்கு மனப்பாடம். நான் வேறு முதல் வருஷமே, தண்ணீர் ஜில்லென்று பட்டதும், கறுப்பு நகத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினேன். பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அது என் வழக்கம். சாமியாருக்கும் அது தெரியும். என் முறை வந்ததும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் ரோட்டில் பட்டாளமும் இருந்த காலம் அது. நடுவில் நாங்கள். லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காட்டுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அரிசியைப் பொதுவில் ஆக்கி, சோறாகத்தான் கொடுத்தார்கள். மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவன் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு வரவேண்டும். கேட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். காட்டுக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து அரிசி கேட்பார்கள். கொடுத்தால் இந்தப் பக்கம் ஆபத்து, கொடுக்காவிட்டால் அந்தப் பக்கம். காட்டிக்கொடுத்தவன் என்று காட்டில் பெயர் வாங்கியவனுக்கு என்ன ஆகும் என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில், வேலையை மேற்பார்க்கும் ஒரு மண்டோரை அவன் வேலை பார்த்த மரத்திலேயே பிணமாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தபசுகாலம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் விடியும் முன்பே எழுந்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அப்படியே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகலாம் என்று கோயிலுக்குப் போனேன். எண்ணெய்ப் புட்டி கையில் இருக்கும்போதே லாரிச் சத்தம் கேட்டது. ஒரு லாரி இல்லை, வரிசையாக. பிறகு விசில், பூட்ஸ், மலாயில் ஒரு குரல், ஒலிபெருக்கியில் கொச்சைத் தமிழில் இன்னொரு குரல், எல்லோரும் வெளியே வா என்று. தைரியசாலி வெளியே போயிருப்பான். நான் பீடத்துக்கு அடியில் போனேன். பீடத் துணி தரை வரை தொங்கியது. அதன் சரிகை ஓட்டை வழியாக ஒரு ஜோடி பூட்ஸ் உள்ளே வருவதைப் பார்த்தேன். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கண்டதும் அது நின்றது. தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும், சிறிது நேரம் மரியாதையாக நின்றுவிட்டு வெளியே போய்விட்டது. நான் மத்தியானம் வரை அங்கேயே கிடந்தேன். அப்போஸ்தலர்களும் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள்தானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அவர்களில் யாரும் பீடத்துக்கு அடியில் எண்ணெய்ப் புட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

வெளியே நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். பால் ஸ்டோர் முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஒரு ஜீப்பைக் கடந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜீப்பில் ஓர் உருவம். தலையிலிருந்து கெண்டைக்கால் வரை கோணிச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சாக்கு தலையை அசைக்காதவரை நடந்தவன் வீட்டுக்குப் போகலாம். நெடுநேரம் அது அசையவே இல்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அசைந்தது. புல்வெட்டுக்குப் போகும் ஒரு பெண்ணின் புருஷனைப் பார்த்து. பெஞ்சில் வருஷா வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள். சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டான். அவனை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு முகாமில் வைத்திருப்பதாகவும், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகவும் பேச்சு வந்தது. அவன் இங்கேயே பிறந்தவன். அங்கே அவனுக்கு ஒரு வாசல்படிகூடக் கிடையாது.

சாக்கு கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இரண்டு வெறுங்கால். வலது கட்டைவிரல் நகம் கறுப்பு.

முதலில் பார்த்தது பெண்கள்தான். வேறு தோட்டத்து ஜனங்களாக இருந்தால் சாக்கின் ஓட்டையைப் பார்த்திருப்பார்கள், உயரத்தைப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஜனங்கள் காலைப் பார்த்தார்கள். பெரிய வியாழன் வந்தால் காலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

இது எதுவும் தெரியாமல் தலையில் நூலாம்படையோடு நான் லயத்துக்கு வந்தேன். எங்கே போயிருந்தாய் என்று கங்காணி கேட்டார். பீடத்துக்கு அடியில் இருந்தேன் என்றேன். ஒருவர் சிரித்தார். நான் எப்போதும் சொல்கிற மாதிரி ஒரு ஜோக்கு என்று நினைத்திருப்பார். மற்றவர்கள் என் காலைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள். அவள் எப்போதும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவள். அன்று குரல் வெளியே வரவில்லை.

"என் தலைமேல கைய வச்சுச் சொல்லுங்க. நெசமாவே கோயில்லதான் இருந்தீங்களா?"

சொன்னேன். அவள் நம்பினாள். ஆனால் கையை எடுக்க விடாமல் கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எனக்கு எதிராக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பைப்படியில் நான் போனால் குடங்கள் நகர்ந்தன. பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள். என் ஜோக்குகள் எல்லாம் கிணற்றில் போட்ட கல் மாதிரி, விழுந்த சத்தம்கூடத் திரும்பி வரவில்லை. இருபது வருஷமாக வாய் மூடாத எங்கள் நாவிதர் எனக்கு ஷேவ் பண்ணும்போது ஒன்றுமே பேசவில்லை. கத்தி தொண்டைக்குழியில் இருக்கும்போது நாவிதர் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவனுக்குத்தான் தெரியும். நடுவில் ஒருமுறை கத்தியை நிறுத்தி, என் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மீதியைச் சிரைத்தார். அந்த மாசம் முழுக்க நான் தாடியோடு இருந்தேன். தபசுகாலப் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் என் ஜோக்குக்குச் சிரித்தான். எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரன். அவன் மனைவி நெஞ்சு நோயோடு சிரம்பான் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தாள். பட்டாளம் வந்ததற்கு முதல் நாள்தான் அவளைப் பார்க்க லீவு கேட்டுப் போயிருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான். வரும்போது காலில் புது வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. லுக்குட் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தது என்றான். பைப்படிக்கும் சப்பாத்து, பெரட்டுக்கும் சப்பாத்து. "இன்னும் ஒரு தொப்பிதான் பாக்கி லா, போட்டுட்டா நீதான் துரை" என்று நான் கிண்டல் பண்ணினேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஜோக்கு அவ்வளவு சிரிப்புக்குத் தாங்காது. ஆனால் பட்டினி கிடப்பவனுக்கு உப்புச் சரியில்லை என்று தோன்றுமா? என்னோடு உட்கார்ந்து பீடி பிடிக்க அவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். கோயிலுக்கு மட்டும் வருவதை நிறுத்தியிருந்தான். உடம்பு சரியில்லை என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசைக்கு வந்தார். காட்டுக்காரர்கள் ரோட்டில் மரத்தைச் சாய்த்துப்போட்டுச் சுடுவார்கள் என்று, பெடாஸ் வளைவில் காரை அவர் பறக்கவிடுவார் என்பார்கள். அன்று ஒரு குருடன் கதையைப் பிரசங்கம் வைத்தார். சேசுநாதர் அவன் கண்ணைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான். சேசுநாதர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் ஒருமுறை தொடுகிறார். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிகிறது. நம்மில் பாதிப் பேர் முதல் தொடுதலோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டவர்கள் என்றார் சாமியார்.

பூசை முடிந்து வாசலில், மரம் நடக்கிறதென்றால் அவன் நம் தோட்டத்து ஆளாகத்தான் இருப்பான், மரம் வெட்டி வெட்டிக் கண் போயிருக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுக்காரன் அன்றும் வரவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் பைப்படியில் நான் தனியாகக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டு போனார்களே, அவனுடைய மனைவி வந்து நின்றாள். சின்ன உருவம், முப்பது வயதுகூட இருக்காது. என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் வலது காலக் காட்டுங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மருந்து வாங்க வந்தவள் புட்டியைக் காட்டச் சொல்கிற மாதிரி கேட்டாள். சிமெண்டு மேடையில் காலைத் தூக்கி வைத்தேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கை வைக்கவில்லை. தண்ணீர் சொட்டி முடியும் வரை பார்த்தாள். பிறகு என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் என்ன கண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அது என்னவோ, என் காலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை என் நிரைக்குப் போனேன். ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுக்கும் வரிசைக்குத்தான் நிரை என்று பெயர். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிந்து விழுவதற்கு ஒரு மங்கு வைத்திருப்போம். முதல் மரத்தில் மங்கு கவிழ்ந்திருந்தது. குரங்கு வேலை என்று நிமிர்த்தினேன். அடுத்த மரத்திலும் கவிழ்ந்திருந்தது. அதற்கடுத்ததிலும். நெற்றியில் கட்டியிருந்த விளக்கைத் திருப்பி, வெளிச்சம் எட்டும் வரை பார்த்தேன். என் நிரை முழுக்க எல்லா மங்கும் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. பொறுமையாக, ஒவ்வொன்றாக, சரியாகக் கவிழ்த்திருந்தார்கள். இரண்டு பக்கத்து நிரைகளிலும் எல்லாம் நிமிர்ந்தே இருந்தன.

இனி இந்த மரங்களுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

"தம்பின் டவுன்ல எங்க சித்தப்பா இருக்காரு. போயிருவோம்."

"போனா நான்தான் சாக்குக்குள்ள இருந்தேன்னு ஆயிரும்."

"போகாட்டி?"

பெரிய வியாழன் வரை இருப்போம் என்றேன். ஊரே பார்க்க, சாமியார் கையால் என் கால் கழுவப்படட்டும், அதற்குப் பிறகாவது பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. எதைப் பார்ப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பார்த்ததால்தானே இத்தனையும்.

பெரிய வியாழன் பூசை காலையில் நடந்தது. இருட்டுவதற்குள் சாமியார் திரும்பிப் போகவேண்டும். பெஞ்சில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் காலி. போன வருஷம் அங்கே உட்கார்ந்தவன் முகாமில் இருந்தான். மொத்தம் பதினொரு பேர். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். இன்னொருவர் வாருங்கள் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்து போய், சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருவனைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தார்.

கடைசி வீட்டுக்காரன். வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயமான பாஸ்காப் பூசைக்காவது வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று அன்றுதான் வந்திருக்கிறான். சப்பாத்தை எல்லோரையும்போல வாசலில் கழற்றி வைத்திருந்தான். கைலியைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டியிருந்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் வலது காலின் மேல் இடது காலை ஏற்றி மறைத்துக்கொண்டான். ஆனால் உட்காருகிற நேரத்தில் கைலி ஒதுங்கியது.

என்னுடைய நகத்தைவிடப் புதிய கறுப்பு. ஓரத்தில் இன்னும் கருஞ்சிவப்பு போகவில்லை.

மேலே பார்த்தேன். இத்தனை நாளாக என்னோடு பீடி பிடித்தவன். ஆனால் அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். சிரிப்பு இல்லாதபோது அதில் ஒன்றுமே மீதி இல்லை. மீசைமயிரின் நுனியில் வேர்வை நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. சாமியாரின் தண்ணீர்ச் செம்பு ஆள் ஆளாக நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொலைக்குக் கூட்டிப்போகிற ஆடு பார்க்கும் என்பார்களே, அப்படிக்கூட இல்லை. ஆட்டுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. நியாயமாக வரவேண்டியதுதானே. என் நாவிதர், என் பைப்படி, என் மங்குகள், எல்லாவற்றையும் இவன் கால் தின்றிருக்கிறது. இன்னும் கொஞ்சநேரத்தில் சாமியார் அவனுடைய வலது காலைத் தூக்குவார், பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தனை கண்ணும் பார்க்கும், நான் பிழைத்துக்கொள்வேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருப்பதில் நான் கெட்டிக்காரன்.

சாமியார் என் முன்னால் மண்டியிட்டார். மீசைக்குள் சிரிக்கத் தயாராக இருந்தார்.

என் இடது கால்தான் முன்னால் போனது. தேவன் பேசினார், நான் கீழ்ப்படிந்தேன் என்று எழுத ஆசைதான். கால் போனதைத்தான் நான் பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து, வலது என்றார்.

"இருக்கட்டும் சாமி. வலது காலத்தான் ஊரே பாத்திருச்சே. இதுவும் கொஞ்சம் வெளிச்சத்தப் பாக்கட்டும்."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது தெரிந்தது. மறைக்கிறான் என்று அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். சாமியார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து இடது காலைக் கழுவினார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. விரலை ஆட்டவில்லை. அடுத்தவனிடம் நகர்ந்தார். அவனும் இடது காலை நீட்டினான். அது ஒரு கேள்வியாகவே அவருக்குத் தோன்றவில்லை. கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். அந்தக் கால் நடுங்கிய நடுக்கத்தில் பெஞ்சே ஆடியது. அதை நான் மட்டும்தான் உணர்ந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள், குழியைச் சுற்றிப் போகிற மாதிரி. விளக்கை அணைத்து, துணிகளை மடித்து வைத்துவிட்டு நான் வாசலுக்கு வரும்போது எல்லாச் செருப்பும் போயிருந்தன. வெள்ளைச் சப்பாத்து மட்டும் கிடந்தது. கூட்டம் கலையட்டும் என்று கடைசி வீட்டுக்காரன் தூணோரமாக நின்றான். சப்பாத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள்.

அவள் என்னிடம்தான் முதலில் பேசினாள்.

"அன்னிக்குப் பைப்படியில கேட்டதும் காட்டுனீங்களேண்ணே. எனக்கே காட்டுன கால சாமிகிட்ட எதுக்கு ஒளிக்கிறீங்கன்னு யோசிச்சேன். உங்களுக்கு அடுத்தவரும் இடது காலத்தான் நீட்டுனாரு. ஒளிச்சது உங்களுக்காக இல்ல."

நான் செய்த ஒரே நல்ல காரியம்தான் அவனைக் காட்டிக்கொடுத்திருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் காலை மறைக்கவில்லை. மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்திருக்கும்.

"எங்க வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன செஞ்சாரு?"

"ஒன்னும் செய்யலம்மா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிரம்பானுக்குப் போக விடியும் முன் கேட்டைத் தாண்டும்போது பட்டாளம் அவன் பையைக் கவிழ்க்க, பொதுச் சமையலிலிருந்து ஒளித்தெடுத்த அரிசி இருந்திருக்கிறது. காட்டுக்காரர்கள் கேட்டது. இதற்குத் தூக்குத் தண்டனை என்று சொல்லியிருக்கிறார்கள். பூட்ஸால் மிதித்ததில் நகம் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் கிடப்பவளையும் கைது பண்ணுவோம் என்றிருக்கிறார்கள். சாக்கைப் போட்டுக்கொண்டு யாரையாவது காட்டினால் விட்டுவிடுவதாகச் சொன்னார்களாம். இவ்வளவையும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அவர எதுக்குக் காட்டுனீங்க?"

"யாருன்னே தெரியாதும்மா. சாக்கு ஓட்ட கண்ணுக்கு நேரா இல்ல. தூசி வேற. எல்லாரும் மரம் நடந்து போற மாதிரிதான் தெரிஞ்சாங்க. இனி வர்றதுக்கு ஆளுங்களே இல்லன்னு பயம் வந்திருச்சு. ஒரு மரம் வந்துச்சு. தலைய ஆட்டிட்டேன்."

அந்தப் பிரசங்கம் நடந்த ஞாயிறு அவன் கோயிலில் இல்லை.

அவள் நெடுநேரம் அவனைப் பார்த்தாள். பைப்படியில் என் காலைப் பார்த்தாளே, அதே பார்வை. என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும், லயம் முழுக்க ஓடிவரும். அவன் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றான் என்று நினைக்கிறேன். அவள் குனிந்தாள். இரண்டு சப்பாத்தையும் எடுத்து, முனை கேட் பக்கம் பார்க்க, அவன் முன்னால் வைத்தாள்.

"போயிருங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவனால் கயிற்றைக் கட்டமுடியவில்லை. கட்டாமலே நடந்தான்.

அன்று சாயங்காலம் பைப்படியில் பெண்களிடம் அவள், அது அண்ணன் கால் இல்லை, நான் கிட்டத்திலேயே பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாளாம். அப்படியென்றால் யாருடையது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மனைவி வந்து என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கடைசி வீட்டுக்காரன் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி, ஒரு மூட்டையோடு தோட்டத்து லாரியில் ஏறினான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் ஏதோ சொல்லிக் கூப்பிட்டேன், தொப்பி வாங்க மறக்காதே என்றோ என்னவோ. சிரித்தான். கொஞ்சமாகத்தான். அந்த ஜோக்குக்கு அதுதான் சரியான அளவு.

இப்போது எனக்குத் தொந்தி விழுந்து, மூக்குக்கண்ணாடியும் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியை வைத்து, தெரிகிறதா என்பார். இன்னொன்றை மாற்றி, இப்போது என்பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தக் குருடன் நினைவு வரும். அவன் உண்மையைச் சொன்னான், அதுதான் அவனுடைய புத்திசாலித்தனம். முழுக்கத் தெரிகிறது என்று சும்மா சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால், ஆயுசுக்கும் மனிதர்களை மரமாகவே பார்த்துக்கொண்டும், எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டும் திரிந்திருப்பான். நாங்கள் காலைப் பார்த்தோம். நானும் பக்கத்தில் இருந்தவனிடம் சிரிப்பை மட்டும் பார்த்தேன். அந்தப் பெண் ஒருத்திதான் இரண்டாவது தடவையும் பார்த்தாள், அதுவும் பார்க்கவே பிடிக்காத ஒருவனை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை விடியற்காலை மண்டோர் என்னைக் கூப்பிட்டு, கடைசி வீட்டுக்காரன் வரும்வரை அவன் நிரையில் பாதியையும் நீயே வெட்டு என்றார். என் நிரைக்கு அடுத்ததுதான் அது. என் மங்குகள் எல்லாம் நிமிர்ந்து இருந்தன. தாண்டி அந்தப் பக்கம் போனேன். முதல் மரத்தில் மங்கு கவிழ்ந்திருந்தது. விளக்கைத் திருப்பினேன். வெளிச்சம் போன தூரம் வரைக்கும், ஒவ்வொன்றும், பொறுமையாக, சரியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அவன் மூட்டையோடு கிளம்பிப் போனதே சாட்சியாக ஒருவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. இல்லையென்றால் பெஞ்சு ஆடியதை என்னைத் தவிர இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். வியாழக்கிழமை கோயிலில் என்னோடு மண்டியிட்டுச் செபம் சொன்னவர்களில் ஒருவர்.

சிரம்பானில் அவனை யாராவது தேடிப்போனார்களா என்று எனக்குத் தெரியாது. அவனும் திரும்பி வரவில்லை, அவனைப் பற்றிச் சேதியும் வரவில்லை. அன்று நான் செய்யமுடிந்தது ஒன்றுதான். மண்டோர் சுற்றி வருவதற்குள் ஒரு மரம் விடாமல் போய், மங்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன். நிமிர்த்திக்கொண்டு போகும்போது பின்னால் காய்ந்த இலை ஒடிகிற சத்தம் கேட்டது. நின்றேன். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்திருந்தால் யாரென்று தெரிந்திருக்கும். நான் விளக்கை முன்னாலேயே வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.